சிடி உறை: திரையில் தெரியாத தவறுகள்

ஃபோட்டோஷாப்பில் ஆல்பம் உறை செய்பவர்கள் முன்பக்கப் படத்திலேயே மூழ்கிக் கிடப்பார்கள். அச்சகத்தில் வம்பு வருவது பெரும்பாலும் மற்ற பக்கங்களில்.

ஸ்ட்ரீமிங்குக்குச் செய்த 3000 பிக்சல் சதுரம் சிடிக்குத் தாராளம், 120 மி.மீ. உறைக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1417 பிக்சலே போதும். அதையே 315 மி.மீ. எல்பி இசைத்தட்டு உறைக்குக் கொடுத்தால் 3720 கேட்கும். இமேஜ் சைஸில் எண்ணைக் கூட்டினால் பிக்சல் கூடும், விவரம் கூடாது.

பின் அட்டை 151 × 118 மி.மீ. இரு ஓரத்திலும் 6.5 மி.மீ. மடிந்து, டப்பாவின் பக்கவாட்டில் தெரியும் ஸ்பைன் ஆகிவிடும். பாடல் பட்டியலை ஓரம்வரை தள்ளினால் எண்களை மடிப்பு விழுங்கிவிடும். வெட்டும் கோட்டுக்கு வெளியே படத்தை 3 மி.மீ. நீட்டி வைக்கும் ப்ளீட் இல்லையென்றால், கட்டிங்கில் கத்தி இம்மி நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு. டிஜிபேக் (மடிக்கும் அட்டை உறை) என்றால் அச்சகத்துக்கு அச்சகம் அளவு மாறும். டெம்ப்ளேட்டை அவர்களிடமே வாங்குங்கள்.

திரையில் பளீரென்ற நீலம், அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கேவில் ஊதாவாகச் சாயும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் வைத்த கறுப்பு எழுத்து, மாற்றும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். அச்சு பிளேட் கொஞ்சம் விலகினால் நன்றிப் பட்டியல் முழுக்க எழுத்துக்கு எழுத்து நிழல். சிறிய எழுத்துக்கு கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் வையுங்கள்.

தமிழ் எழுத்துதான் உண்மையான தலைவலி. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டைப் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறும்: ‘தேன்’ என்று அடித்தால் முதலில் ‘த’, அதன் பின்னால் அநாதையாக ஓர் இரட்டைக் கொம்பு. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்தது, அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பை. அனுப்பும் பிரதியில் எழுத்தை ஷேப்பாக மாற்றுங்கள், திருத்தக்கூடிய பிஎஸ்டியை (ஃபோட்டோஷாப் கோப்பு) தனியே வைத்திருங்கள். எல்லா லேயர்களையும் ஒன்றாக ஒட்டி ஜேபெக்காகக் கொடுத்தால் சிறிய எழுத்தின் விளிம்பு கசங்கும்.

இப்போதெல்லாம் நூறு சதவீத அளவில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, மடித்து, பழைய சிடி டப்பாவுக்குள் செருகிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். முதல் வேலையில் அதைச் செய்யவில்லை. ஐந்நூறு உறைகளிலும் பாடகர் பெயரின் கடைசி எழுத்து மடிப்பைத் தாண்டி ஸ்பைனில் உட்கார்ந்திருக்கிறது.