‘போர்டு’ என்ற ஒரே சொல்லை எத்தனை விதமாகப் படிப்பது? ஆரம்பிப்பவர்களுக்கு, படிப்படியாக

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு ஓர் இமெயில் வந்தது. ‘வீ ஆர் கிளாட் டு ஹேவ் யூ ஆன் போர்டு’ என்று ஒரே வரி. போர்டு என்றால் நிர்வாகக் குழு என்று எங்கேயோ படித்த ஞாபகம், அதனால் வந்த ஆறாவது நாளே என்னை நிர்வாகக் குழுவில் போட்டுவிட்டார்கள் என்று ஒரு நிமிடம் நிஜமாகவே நம்பினேன். பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினால் அவர் சிரித்து முடிக்கவே நேரமானது. “நீங்க எங்களோட சேர்ந்ததுல சந்தோஷம்னு சொல்றாங்க, அவ்வளவுதான்” என்றார்.

அகராதியைத் திறந்தால் இந்தச் சொல்லுக்கு வரிசையாக எண் போட்டு அர்த்தம் கொடுத்திருப்பார்கள். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம், செய்தாலும் நிற்காது. ஓர் அர்த்தத்திலிருந்து அடுத்தது எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டால் போதும்.

படி 1: பலகையில் தொடங்குங்கள்

பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லுக்கு மரப்பலகை என்றுதான் பொருள். அப்புறம் மரமோ இல்லையோ, தட்டையாக, விறைப்பாக இருக்கிற எல்லாவற்றுக்கும் அதுவே பெயரானது. பிளாக்போர்டு, நோட்டீஸ் போர்டு, செஸ் போர்டு, சர்க்யூட் போர்டு, மதர்போர்டு எல்லாம் இந்தக் கூட்டம். தமிழிலும் கரும்பலகை, விசைப்பலகை என்று இதே வழியில்தான் போயிருக்கிறோம், அதனால் இங்கே நமக்குச் சிக்கல் இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது டேஷ்போர்டு. குதிரை வண்டிக் காலத்தில், குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டியோட்டி மேல் படாமல் இருக்க முன்னால் ஒரு பலகை அடித்திருப்பார்கள். ‘டேஷ்’ என்றால் அங்கே தெறிப்பது. குதிரை போய் கார் வந்தது, சேறு தெறிப்பதும் நின்றது, பெயர் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இப்போது கம்ப்யூட்டர் திரையில் எண்களையும் வரைபடங்களையும் மொத்தமாகக் காட்டும் பக்கத்துக்கும் அதுதான் பெயர்.

படி 2: பலகைக்குக் கால் வையுங்கள்

இடைக்கால ஐரோப்பிய வீடுகளில் சாப்பாட்டு மேசை என்பது பெரும்பாலும் தாங்கிகள் மேல் தூக்கிவைத்த பலகைதான். சாப்பிட்டதும் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிடலாம். அதனால் போர்டு என்றாலே மேசை என்று ஆனது. மேசையில் பரிமாறும் சாப்பாடும் போர்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் ஆட்களும் போர்டு.

பள்ளிக்கூடத்தில் ஆகுபெயர் படித்தது நினைவிருக்கிறதா? ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். ‘தி போர்டு டிசைடட்’ என்பதும் அப்படியே, மேசை எதையும் முடிவு செய்யவில்லை, அதைச் சுற்றி இருந்தவர்கள் செய்தார்கள். ஆங்கிலத்தைப் படிக்கும்போது நம் இலக்கணத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று யார் சொன்னது?

ஒளிவுமறைவு இல்லாததை ‘அபவ் போர்டு’ என்பதும் இந்த மேசையிலிருந்து வந்ததுதான். சீட்டாடும்போது கை மேசைக்கு மேலே தெரிந்தால் திருட்டுத்தனம் செய்ய முடியாது.

கப் வைக்கிற பலகைதான் கப்போர்டு. பிறகுதான் அது கதவு வைத்த அலமாரி ஆனது. உச்சரிக்கும்போது ‘கபர்ட்’ என்று சொல்லுங்கள், நடுவில் இருக்கும் ‘ப்’ காதில் விழாது.

படி 3: சாப்பாடா, ஆட்களா?

‘போர்டு அண்ட் லாட்ஜிங்’ என்றால் சாப்பாடும் தங்குமிடமும். ஓட்டல் அறை பதிவு செய்யும்போது ‘ஃபுல் போர்டு’ என்று இருந்தால் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து, ‘ஹாஃப் போர்டு’ என்றால் காலை உணவும் இன்னொரு வேளையும், அது பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. போர்டிங் ஸ்கூல் என்ற பெயரிலும் இதே சாப்பாடுதான் ஒளிந்திருக்கிறது.

வேறுபடுத்த ஒரு சுலபமான வழி உண்டு. சாப்பாடு என்ற அர்த்தத்தில் வரும்போது அதை எண்ண முடியாது, முன்னால் ‘எ’ வராது, பின்னால் ‘ஸ்’ சேர்த்துப் பன்மையாக்கவும் முடியாது. ஆட்கள் என்ற அர்த்தத்தில் பெரும்பாலும் ‘தி போர்டு’ அல்லது ‘எ போர்டு ஆஃப்’ என்று வரும், அதைத் தமிழில் இடத்துக்குத் தகுந்த மாதிரி வாரியம் என்றோ குழு என்றோ சொல்லிக்கொள்ளலாம். பிரிட்டிஷ்காரர்கள் பல நேரம் ‘தி போர்டு ஆர்’ என்று பன்மையில் எழுதுவார்கள், அமெரிக்கர்கள் ‘இஸ்’ என்பார்கள். அதை எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

படி 4: கப்பலில் ஏறுங்கள்

கப்பலின் பக்கவாட்டுக்கும் போர்டு என்றுதான் பெயர். அந்த இரண்டு பக்கத்துக்கும் உள்ளே வந்துவிட்டால் ‘ஆன் போர்டு’, தாண்டி வெளியே விழுந்தால் ‘ஓவர்போர்டு’. எதையாவது அளவுக்கு மீறிச் செய்பவரை ‘கோயிங் ஓவர்போர்டு’ என்பது அதனால்தான்.

கப்பலின் வலது பக்கத்துக்கு ஸ்டார்போர்டு என்று பெயர், நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் காலத்தில் திசை திருப்பும் துடுப்பு வலது பக்கம் இருந்தது, திருப்புவதற்கான ‘ஸ்டியர்’தான் அப்படி மருவிவிட்டது. இடது பக்கம் லார்போர்டு. புயலில் கத்தும்போது இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுந்தால் என்ன ஆகும்? 1844ல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை விட்டுவிட்டு ‘போர்ட்’ என்றே சொல்லச் சொல்லி உத்தரவு போட்டது, 1846ல் அமெரிக்கக் கடற்படையும் அதையே செய்தது. இந்தப் ‘போர்ட்’ துறைமுகம் என்ற வேறு சொல், நம் போர்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வினைச்சொல்லாக வந்தால் ஏறுவது. ‘போர்டு தி பஸ்’ போதும், நடுவில் ‘இன்டு’, ‘இன்’ எதுவும் வேண்டாம்.

படி 5: ‘தி’ இருக்கிறதா என்று பாருங்கள்

என் மானம் போனது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். போர்டுக்கு நேர் முன்னால் ‘தி’ இல்லாமல் ‘ஆன் போர்டு’ என்று இருந்தால் கப்பலில், விமானத்தில் ஏறியாயிற்று என்று அர்த்தம். அல்லது அதே படத்தை மனதில் வைத்து, நம்மோடு சேர்ந்துவிட்டார், நம் யோசனைக்குச் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். எனக்கு வந்த இமெயில் இந்த வகை. ‘ஆன் போர்டு தி ஷிப்’ என்று பின்னால் ஒரு ‘தி’ வரலாம், அது கப்பலுக்குச் சொந்தம், நம் கணக்கில் சேராது.

‘ஆன் தி போர்டு’ என்று ‘தி’ நடுவில் வந்துவிட்டால் ஒன்று, கரும்பலகை மாதிரி கண்ணுக்குத் தெரிகிற பலகை, இல்லையென்றால் நிர்வாகக் குழு. எது என்று வினைச்சொல் காட்டிக்கொடுக்கும். ‘ஹீ ரோட் இட் ஆன் தி போர்டு’ என்றால் எழுதினார், ஆகவே பலகை. ‘ஷீ சிட்ஸ் ஆன் தி போர்டு’ என்றால் அவர் குழு உறுப்பினர், பலகை மேல் ஏறி உட்கார்ந்திருப்பதாக யாரும் சொல்லவில்லை.

படி 6: மொத்தமாக வருவதைப் பிரிக்காதீர்கள்

‘அக்ராஸ் தி போர்டு’ என்றால் எல்லாருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி. இது அமெரிக்கக் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது, ஒரே குதிரை முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக வரும் என்று மூன்றுக்கும் சமமாகப் பணம் கட்டுவது. ‘ஸ்வீப் தி போர்டு’ என்றால் எல்லாப் பரிசையும் அள்ளிக்கொண்டு போவது.

இப்போது உங்கள் முறை

‘தி போர்டு இஸ் ஆன் போர்டு.’ முதல் போர்டுக்கு முன்னால் ‘தி’ இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. குழு சம்மதித்துவிட்டது என்று சொல்லியிருந்தால் சரிதான். ஆனால் அதற்கு முந்தைய வாக்கியம் ‘கப்பல் ஆறு மணிக்குக் கிளம்புகிறது’ என்று இருந்தால், உறுப்பினர்கள் எல்லாரும் பெட்டியோடு ஏறியாயிற்று.