துபாய் ஷிந்தகா: சேக் சயீத் வீட்டைப் பார்க்கப் போகிறீர்களா?

கிரீன் லைன் மெட்ரோவில் அல் குபைபா ஸ்டேஷனில் இறங்கி, க்ரீக் (ஊருக்குள் நீளும் கடல் கழி) ஓரமாக நடந்தால் ஷிந்தகா என்ற பழைய பகுதி வந்துவிடும். 1896-ல் கட்டிய இந்த வீட்டில்தான், 1912 முதல் 1958 வரை துபாயை ஆண்ட சேக் சயீத் குடியிருந்தார். அரண்மனை என்றதும் தங்கமும் பளிங்கும் எதிர்பார்த்துப் போகாதீர்கள், அப்படி ஒன்றும் இருக்காது.

முதலில் கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் காற்றுக் கோபுரத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். உள்ளே பெருக்கல் குறி மாதிரி குறுக்குச் சுவர்கள் தெரியும், எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அந்தப் பக்கத்துச் சுவர் அதைத் தடுத்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடும், சூடான காற்று எதிர்ப்பக்கமாக மேலேறி வெளியே போய்விடும். கரண்ட் வருவதற்கு முந்தைய ஏசி!

அப்புறம், பூச்சு இல்லாத சுவர் எங்காவது கண்ணில் பட்டால் கிட்டப் போய்ப் பாருங்கள், கல் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டையாக இருக்கும். கடலிலிருந்து எடுத்த பவளக்கல் அது, அந்த ஓட்டைகளில் காற்று அடைபட்டிருப்பதால் வெயில் சட்டென்று உள்ளே இறங்காது (தொட்டு உரசாதீர்கள், உதிரும்).

அந்தக் கால வீடுகளில் அறைகள் ஏன் இப்படி ஒடுக்கமாக இருக்கின்றன என்று யோசிப்பவர்கள் கூரையைப் பாருங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சதுப்புநில மரக் கம்புகள்தான் உத்தரம், கம்பு எவ்வளவு நீளமோ அறையும் அவ்வளவுதான் அகலம்.

வெள்ளிக்கிழமை போவதாக இருந்தால் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கோடையில் மதியம் வேண்டவே வேண்டாம்.