ராக்கி லினக்ஸ் 8-இல் ஆரக்கிள் 19சி: பழகிப் பார்க்க மட்டும்

ஆரக்கிள் ஆதரவு தரும் லினக்ஸ் பட்டியலில் ஆரக்கிள் லினக்ஸ், ரெட் ஹேட், சூசே உண்டு, ராக்கி கிடையாது. ஆனாலும் ராக்கி ரெட் ஹேட்டை ஒட்டியே கட்டப்படுவதால் ஆரக்கிள் டேட்டாபேஸின் 19சி பதிப்பு அதில் நன்றாகவே ஓடும், நிறுவியை மட்டும் கொஞ்சம் ஏமாற்ற வேண்டும். அலுவலக சர்வரில் இதைச் செய்யாதீர்கள், சிக்கல் வந்தால் சப்போர்ட் கையை விரித்துவிடும். எஸ்க்யூஎல் மட்டும் பழக வேண்டுமென்றால், டாக்கரில் தயாராகக் கிடைக்கும் ஆரக்கிள் போதும். டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வேலைக்குப் போக நினைப்பவர்கள் ஒருமுறையாவது கையால் நிறுவிப் பாருங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெய்நிகர் மெஷினுக்கு 4 ஜிபி ரேம், 50 ஜிபி டிஸ்க் கொடுத்து, டெஸ்க்டாப்போடு ராக்கி 8 போட்டுக்கொள்ளுங்கள். போட்டதும் ஒரு ஸ்னாப்ஷாட். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மெஷின் பெயரையும் ஐபியையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் லிஸனர் (டேட்டாபேஸுக்கு வரும் இணைப்புகளை ஏற்கும் புரோகிராம்) மக்கர் பண்ணும்.

அப்புறம் ஆரக்கிள் யம் தளத்திலிருந்து, 19சி-க்கான ப்ரீஇன்ஸ்டால் ஆர்பிஎம்மில் (முன்னேற்பாடு செய்யும் பேக்கேஜ்) இஎல்8 என்று பெயரில் இருப்பதை டிஎன்எஃப் கட்டளை வழியாக நிறுவுங்கள். ஆரக்கிள் யூசர், குரூப்புகள், கெர்னல் அளவுகள் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அந்த யூசருக்கு ஒரு பாஸ்வேர்டு வையுங்கள்.

19சி வரும் ஏறத்தாழ 3 ஜிபி ஜிப் ஃபைலை டவுன்லோட்ஸில் பிரித்துவிட்டு அங்கிருந்தே ஓட்டுவது 12சி காலத்துப் பழக்கம். 18சி முதல் எந்த ஃபோல்டரில் பிரிக்கிறோமோ அதுவேதான் ஆரக்கிள் ஹோம், அதாவது மென்பொருள் நிரந்தரமாக இருக்கும் இடம். அதனால் ஹோம் ஃபோல்டரை முதலில் உருவாக்கி, ஆரக்கிள் யூசரின் பெயருக்கு மாற்றி, அந்த யூசராகவே அதற்குள் பிரியுங்கள்.

இனிதான் வழக்கமாக எல்லோரும் மாட்டும் இடம். அந்த ஃபோல்டரில் இருக்கும் நிறுவியான ரன்இன்ஸ்டாலரை ஓட்டியதும் ஐஎன்எஸ்-08101 என்று ஒரு பிழை வரும், கூடவே 'சப்போர்டட் ஓஎஸ் செக்' என்று இருக்கும். 19.3 வந்தது 2019-இல், அதற்கு லினக்ஸ் 7-ஆம் பதிப்பு வரைதான் தெரியும், 8 என்றாலே மிரளும். அதற்கு மருந்து ஒரே ஒரு என்விரான்மென்ட் வேரியபிள்: சிவி, அஸ்யூம், டிஸ்ட்ஐடி மூன்றையும் அடிக்கோட்டால் இணைத்து, எல்லாம் பெரிய எழுத்தில் எழுதி, மதிப்பாக ஓஇஎல்7.6 கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

செய்தும் அதே பிழை வருகிறதா? ரூட்டாக (மெஷினின் நிர்வாகி யூசராக) எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, அதன் பிறகு யூசரை மாற்றும் 'எஸ்யு' கட்டளையில் சிறு கோடு (-) போட்டு ஆரக்கிள் யூசருக்கு மாறியிருப்பீர்கள். அந்தக் கோடு புது லாகின் ஷெல்லைத் திறக்கும், பழைய வேரியபிள் அங்கே வராது. டெஸ்க்டாப்பிலேயே ஆரக்கிள் யூசராக லாகின் செய்து, எக்ஸ்போர்ட்டையும் நிறுவியையும் ஒரே டெர்மினலில் ஓட்டுங்கள். இப்படி யூசர் மாறும்போது நிறுவியின் விண்டோ திறக்காமல் வரும் டிஸ்ப்ளே பிழையும் சேர்ந்தே தீரும்.

நிறுவியில் 'சாஃப்ட்வேர் மட்டும்' என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். டேட்டாபேஸையும் சேர்த்து ஒரே மூச்சில் போட்டால், இடையில் நின்றுபோகும்போது எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. முடிவில் கேட்கும் ஸ்கிரிப்டுகளை ரூட்டாக ஓட்டுங்கள். பிறகு கூடவே வரும் கருவிகளான நெட்சிஏ-வில் லிஸனரையும், டிபிசிஏ-வில் டேட்டாபேஸையும் உருவாக்குங்கள். மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் இரண்டுமே தானாக எழாது, லிஸனரைக் கிளப்பிவிட்டு, டேட்டாபேஸுக்குள் சிஸ்டிபிஏ-வாக (முழு நிர்வாக உரிமையோடு) நுழைந்து 'ஸ்டார்ட்அப்' கொடுக்க வேண்டும்.

பின்சேர்க்கை: ராக்கி 9-இல் இதே வித்தை பலிக்குமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வெறும் 19.3-ஐ வைத்துக்கொண்டு முடியாது. 19.19 அல்லது அதற்குப் பிந்தைய ரிலீஸ் அப்டேட்டை (திருத்தத் தொகுப்பை) நிறுவும்போதே சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதை இறக்க ஆரக்கிள் சப்போர்ட் கணக்கு வேண்டும். பழகுவதற்கு ராக்கி 8 போதும், அதற்கு 2029 மே வரை அப்டேட் உண்டு.