ஏற்காட்டில் யோகா: வண்டியை விட்டு இறங்கியதும் குனியாதீர்கள்

சேலத்தில் மொட்டைமாடியிலோ அறைக்குள்ளோ யோகா பழகியவர்கள், கொஞ்சம் கை வந்ததும் ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல ஆசைதான். மர நிழலில், சுத்தமான காற்றில் ஆசனம் செய்வதற்கு ஈடு கிடையாது. ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவும் ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. சாப்பிட்டவுடன் செய்யக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வேனிலிருந்து இறங்கி நேராக உத்தானாசனம் (நின்றபடி முன்னால் குனிவது)

மாதக்கணக்கில் முடக்கிப்போடும் தவறு இது. இன்றைக்கும் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மலைமேல் இருக்கிற காட்சிமுனையான பகோடா பாயின்ட்டில் சூரியன் எழும்போது ஆசனத்தில் இருக்க வேண்டும் என்று இருட்டிலேயே புறப்படுகிறார்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் முழங்காலை மடக்கியே உட்கார்ந்து வருகிறார்கள். அவ்வளவு நேரமும் தொடையின் பின்பக்கத் தசை அசையாமலே கிடக்கிறது. அதோடு குளிர். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. 1,000 மீட்டர் ஏறினால் 6 டிகிரி போலக் குறையும் என்ற கணக்கில் பார்த்தாலும் 7, 8 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். காற்றடித்தால் இன்னும் அதிகமாக உறைக்கும். சேலத்துச் சூட்டில் தானாக இளகுகிற உடம்பைப் பயிற்சியால் வந்த வளைவு என்று நம்பியவர்கள், அதே நம்பிக்கையோடு இங்கே குனிகிறார்கள்.

சூரமங்கலத்திலிருந்து வந்த ஒரு அண்ணன் வீட்டில் தினமும் நெற்றியை முழங்காலில் வைப்பவர். இறங்கியதும் முட்டியை இறுக்கிக்கொண்டு குனிந்தார், பாதிதான் போனது. போட்டோ எடுத்த பையன், “இன்னும் கொஞ்சம்ண்ணே” என்றான். இடது பிட்டத்துக்கு அடியில் சுருக்கென்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். “பிடிச்சிருக்கு, இழுத்துவிட்டா சரியாயிடும்” என்று சொல்லி மறுபடி மறுபடி குனிந்தார். இறங்கும்போது வேன் சீட்டில் அவரால் நேராக உட்கார முடியவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் பைக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் போய்வந்தார்.

நாம் உட்காரும்போது தரையில் அழுந்துகிற எலும்பில்தான் தொடையின் பின்பக்கத் தசையின் நாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், ஒட்டியிருக்கிறது. தசையைவிட நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் புண்பட்டால் ஆறுவதற்கும் நாளாகும். குனியக் குனிய அந்த நாண் எலும்பின்மேல் அழுந்துகிறது. வலிக்கிற இடத்தை இழுத்துவிட்டால் அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். மறுநாள் வலி கூடியிருக்கும். அந்தச் சுகத்தை நம்பித்தான் பலர் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

வண்டியை விட்டு இறங்கினால் முதலில் கால் மணி நேரம் நடங்கள், ஸ்வெட்டரைக் கழற்றாமல். அப்புறம் மூட்டுகளை அசைத்துவிட்டு, மார்ஜாரி ஆசனம் (பூனைபோல் முதுகை வளைப்பது), உத்கடாசனம் (நாற்காலியில் உட்காருவதுபோல் நிற்பது), சேதுபந்தாசனம் (படுத்து இடுப்பைத் தூக்குவது) என்று தசைக்கு வேலை கொடுங்கள். சூரிய நமஸ்காரத்தில் முதல் சில சுற்றுகளுக்கு முழங்காலை மடித்தே குனியுங்கள். உட்கார்ந்து காலை நீட்டிக் குனிகிற பச்சிமோத்தானாசனம் கடைசியில் வரட்டும், அன்றைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. உட்காரும் எலும்பில் சுருக்கென்றால் அன்று முன்வளைவு கிடையாது. சில நாளில் அடங்காவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, பளீரென்று ஏதோ அறுந்ததுபோல் இருந்து நீலம் பாய்ந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.

குழு நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சூரியன் வரும் நேரத்துக்குள் எல்லாரையும் குனியவைக்க வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். தாடாசனத்தில் நேராக நின்றுகொண்டும் விடியலைப் பார்க்கலாம்.

பாறை விளிம்பில் சிரசாசனம்

வேண்டாம். எவ்வளவு பழகியவராக இருந்தாலும் வேண்டாம்.

சரிவைக் கவனிக்காமல் விரிப்பது

காப்பித் தோட்டத்தில் சமமாகத் தெரிகிற இடம்கூடக் கொஞ்சம் சரிந்துதான் இருக்கும். சவாசனத்தில் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். பக்கவாட்டில் சரிந்த இடத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் செய்தால் கணுக்கால் ஒரே பக்கமாகத் திருகும். சில்வர் ஓக் சருகின் மேல் விரிக்கவே கூடாது: வழுக்கும், அடியில் தேள் இருந்தாலும் தெரியாது. குச்சியால் விலக்கி, வெறும் மண்ணைப் பார்த்த பிறகு விரியுங்கள். முக்கியமாக, எஸ்டேட் என்றால் அது ஒருவருடைய நிலம். கேட்டுவிட்டு நுழையுங்கள்.

குளிர்க் காற்றில் பஸ்திரிகா

பஸ்திரிகா என்றால் மூச்சை வேகமாக இழுத்து விடுவது. வீசிங் உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்றை வேகமாக இழுப்பதே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். மூச்சை வெடுக்கென்று வெளியே தள்ளும் கபாலபாதியும் அப்படித்தான். வெயில் ஏறும்வரை மூக்குத் துவாரங்களில் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தியை மெதுவாகச் செய்தால் போதும். இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும், வேனில் வேண்டாம்.

பையைத் திறந்து வைப்பது

குரங்கு பார்த்துக்கொண்டே இருக்கும்.

தனியாகக் கண்ணை மூடிப் படுப்பது

சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு. விடியலிலும் அந்தியிலும் தோட்டத்துப் பக்கம் மேய வரும், பனிமூட்டத்தில் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். குழுவாக இருந்தால் சவாசனத்தின்போது ஒருவர் கண் திறந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள். காட்டெருமை வந்துவிட்டால் கத்த வேண்டாம், ஓட வேண்டாம், செல்போனை நீட்ட வேண்டாம். விரிப்பை அங்கேயே விட்டுவிட்டு, அதன் வழியை மறிக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள்.