விபூதியை இனி மூக்கில் பூசலாமா? தோல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு தேறி வருவது எப்படி

மூக்கின் இடது மடலில் மிளகு அளவுக்கு ஒரு பரு. காயும், பொருக்குத் தட்டும், முகம் துடைக்கும்போது உரிந்து லேசாக ரத்தம் கசியும், மறுபடி காயும். இப்படியே எட்டு மாதம். ஒரு கிளினிக்கில் மாற்றி மாற்றிக் களிம்பு எழுதித் தந்தார்கள், நானும் பல்லுக்குப் பேஸ்ட் வைப்பதுபோல் காலை மாலை தடவிக்கொண்டிருந்தேன். நில அளவைத் துறையில் முப்பது வருடம் வேலூர் வெயிலில் சங்கிலி இழுத்தவன் நான். நம்ம நிறத்துக்கெல்லாம் தோல் கேன்சர் வராது என்று நினைத்தேன். குறைவாக வரும், வராமல் இல்லை. ஒரு புண் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் சதைத் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், என்னைப் போல் எட்டு மாதம் உட்காராதீர்கள்.

எனக்கு வந்தது பேசல் செல் கார்சினோமா. உலக அளவில் தோல் புற்றில் அதிகம் காணப்படுவது இதுதான். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம், ஆனால் இருக்கிற இடத்தைக் கறையான் மாதிரி அரித்துக்கொண்டே போகும். டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னார், என் காதில் 'புற்று' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அதனால் முதல் வேலை, ரிசல்ட் வாங்கத் தனியாகப் போகாதீர்கள். கூட வருகிற ஆள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். என்ன வகை, எவ்வளவு வெட்டுவார்கள், எத்தனை கட்டம், தையல் எப்போது பிரிப்பார்கள், ராத்திரி ரத்தம் வந்தால் எந்த நம்பருக்குப் போன் செய்வது, எல்லாம். மெலனோமா போன்ற வேறு வகைகளுக்கு வைத்தியமும் வேறு, ஆகவே இங்கே நான் எழுதுவதை உங்கள் டாக்டர் சொல்வதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஆபரேஷன் என்னவென்றால், கட்டியைச் சுற்றி நல்ல தோலிலும் கொஞ்சம் ஓரம் விட்டு வெட்டி எடுப்பார்கள். சின்னதாக இருந்தால் இழுத்துத் தைத்துவிடலாம், இல்லையென்றால் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். எனக்கு மூக்கு மடலே பாதி போய்விட்டதால், நெற்றியிலிருந்து ஒரு நாடாவைப் போலத் தோலை இறக்கி, அதன் ரத்தக்குழாயோடு சேர்த்து அப்படியே திருப்பி மூக்கில் தைத்தார்கள். மூக்கில் புது ரத்த ஓட்டம் பிடிக்கச் சுமார் மூன்று வாரம் ஆகும், அதுவரை புருவத்திலிருந்து மூக்குவரை சதைப் பாலம் ஒன்று தொங்கும். ஆமாம், தும்பிக்கைதான்.

இது தெரிந்த அன்றைக்கே காட்பாடி டீக்கடைக்குப் போய் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், முதல் ஜோக்கை நீங்களே அடியுங்கள். நீங்கள் ஆரம்பிக்காதவரை நண்பர்களுக்கு வாய் திறக்கப் பயமாக இருக்கும், சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி கிளாஸையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம்ம ஊரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று இருக்கிறதே, ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று. "அதோட மூக்கு இல்லாத சர்வேயர்னு ஒண்ணு சேர்த்துக்கோங்கடா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் லாரி வைத்திருக்கிற நண்பன் சொன்னான்: "கோயிலுக்கே 1981ல சாமி திரும்பி வந்துச்சி, உன் மூக்கு வராதா?" எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்கிறவர்கள் நிஜமாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் நாம் வாய் திறந்து கேட்கமாட்டோம். லாரிக்காரனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வேலை, ஏனென்றால் தும்பிக்கையோடு ஹெல்மெட் போட முடியாது, ஆகவே டூவீலர் கிடையாது. ஆபீஸ் நண்பருக்குக் காப்பீட்டுப் பேப்பரும் பழைய ரிப்போர்ட்டும். கூடவே போன் வேலையும் அவருக்கே, சொந்தக்காரர்கள் யார் கூப்பிட்டாலும் அவரே பேசுவார், "எங்களுக்கும் தொத்துமா?" என்று கேட்கிறவர்களுக்குத் தொத்தாது என்று நாற்பது தடவை சொன்ன மனுஷன். மூக்குக் கண்ணாடியும் மாட்ட முடியாது என்பதால் தமிழாசிரியர் நண்பர் சாயந்திரம் வந்து பேப்பர் படித்துக் காட்டினார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் எதுவும் ஒதுக்கவில்லை, சமையலை அவரே எடுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்த முதல் நாலைந்து நாள் சிரிக்காதீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிரித்தால் கன்னம் இழுக்கும், கன்னம் இழுத்தால் தையல் இழுக்கும். என்னைப் பார்க்க வந்தவர்களுக்கு 'ஜோக் தடை' என்று நோட்டில் எழுதிக் காட்டினேன், அதைப் படித்து அவர்கள் சிரித்ததில் எனக்கும் வந்துவிட்டது, பட்டேன். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், கண் இரண்டும் இடுங்கி அடி வாங்கினவன் மாதிரி ஆகும், பயப்பட வேண்டாம், இறங்கிவிடும். குனிந்து குடம் தூக்குவது, மூக்கைச் சிந்துவது கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். எனக்கு வலிக்குப் பாரசிட்டமாலே போதுமாக இருந்தது. வேறு வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், சிலது ரத்தக் கசிவைக் கூட்டும். அதேபோல் இதயத்துக்காக டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

காயத்தைக் காயவிட்டால்தான் ஆறும் என்று நம் வீடுகளில் ஒரு பிடிவாதம் உண்டு. உண்மை நேர்மாறு. டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து சோப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, அவர்கள் சொல்கிற களிம்போ வாஸ்லினோ தடவி ஈரப்பதமாக வைத்திருக்க வேண்டும், பொருக்கைப் பிய்க்கக் கூடாது. மஞ்சள், காப்பித்தூள், விபூதி எதுவும் காயத்தில் வேண்டாம். சாதாரணத் தையலில் ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்துக் கடிகாரம் பார்த்துப் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எட்டிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. ஆனால் எனக்கு மாதிரி பாலம் இருந்தால் அதை அழுத்தினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும், ஆகவே முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன். ஒட்டிய தோல் கறுத்தாலோ நீலமானாலோ, காய்ச்சல், சீழ், பரவுகிற சிவப்பு இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பீடி, சிகரெட் அறவே கூடாது. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ஒட்டிய தோல் செத்துப்போகும். லாரிக்காரன் என் சட்டைப் பையைத் தினமும் சோதனை போட்டான், செக்போஸ்ட்டில் அவன் பட்டதற்கெல்லாம் பழி தீர்த்துக்கொண்டான்.

பத்தியம் என்று ஒரு பெரிய சண்டை நடக்கும். அக்கா கத்திரிக்காயைக் கண்ணில் காட்டமாட்டேன் என்றார், அரிக்குமாம். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, நான் அதைத் தின்னக் கூடாதா? டாக்டரைக் கேட்டோம். ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாத உணவு தவிர எல்லாம் சாப்பிடலாம், புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டை, பருப்பு, மீன் நிறையச் சேருங்கள் என்றார். அக்கா முட்டையைக் கூட்டினார், கத்திரிக்காய்க்கு மட்டும் கடைசிவரை விசா தரவில்லை. அந்த அளவுக்கு விட்டுக்கொடுங்கள், சமைக்கிறவர் அவர்.

ஒரு வாரம் போனதும் வெளியே வாருங்கள். முதல் தடவை கண்ணாடி பார்க்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். நான் தனியாகப் பார்த்தேன், தப்பு. டீக்கடைக்கு முதல் நாள் போனபோது "இன்னாடா பிள்ளையாரே, எப்படி கீற?" என்று வரவேற்பு. கொழுக்கட்டை வேறு வாங்கி வைத்திருந்தார்கள். நெற்றித் தோல் மூக்குக்கு இறங்கிவிட்டதே, விபூதியை இனி எங்கே பூசுவான் என்று ஒரு பட்டிமன்றம் நடந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த நாட்களில் மூக்கைத் தொட்டால் எனக்கு நெற்றியைத் தொட்ட மாதிரிதான் இருந்தது, ஆகவே மூக்கில் பூசலாம் என்று தீர்ப்பு.

தமிழாசிரியர் ஒரு படி மேலே போய்ச் சரித்திரமே கொண்டுவந்தார். மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனேயில் இதே நெற்றித் தோல் முறையில் மூக்கு வைத்ததை 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு போட்டதாம், அதைப் பார்த்துத்தான் ஐரோப்பிய டாக்டர்கள் கற்றுக்கொண்டார்கள், 'இந்திய முறை' என்றே பெயர். ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டியவர், மூக்கை அறுத்தது திப்பு சுல்தானின் ஆட்கள். "அந்தத் திப்பு குடும்பத்தை 1799க்கு அப்புறம் எங்க வச்சாங்க? நம்ம கோட்டையில. கேஸ் நம்ம லிமிட்லதான் வருது" என்றான் லாரிக்காரன். இதைக் கேட்ட பிறகு பஸ்ஸில் யாராவது முறைத்துப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, கதை சொல்ல ஆரம்பித்துவிடுவேன். பெரும்பாலும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார்கள்.

எல்லா நேரமும் சிரிக்க முடியாது. வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறதா என்ற ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் எந்த ஜோக்கும் எடுபடவில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்போது "இன்னைக்கு வேணாம்டா" என்று சொல்லுங்கள். என் ஆட்கள் அன்றைக்கு வந்து பேசாமல் கேரம் ஆடிவிட்டுப் போனார்கள். நண்பராக இதைப் படிப்பவர்களுக்கு: எங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் வந்தது என்று ஆரம்பித்து, அவர் காரியத்தில் கொண்டுபோய் முடிக்காதீர்கள்.

மூன்று வாரத்தில் பாலத்தைத் துண்டித்தார்கள். அன்றைக்கு டீக்கடையில் பிள்ளையார் கரைப்பு விழா. தழும்பு சிவந்து தடித்திருக்கும், மங்கி அடங்க ஒரு வருடம்கூட ஆகலாம், டாக்டர் சரி என்றதும் மெதுவாக மசாஜ் செய்யலாம். நெற்றியின் மேல்பகுதித் தோல் என்பதால் என் மூக்கில் நாலைந்து முடி முளைக்கிறது, மழித்துக்கொள்கிறேன். அகல விளிம்புத் தொப்பி, குடை, எஸ்பிஎஃப் 30க்கு மேல் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெயிலில் இறங்குவதில்லை, வேலூர் மே மாதத்தில் பதினொன்றிலிருந்து மூன்றுவரை இறங்குவதே இல்லை.

ஒரு தடவை வந்தவர்களுக்கு வேறு இடத்தில் இன்னொன்று வர வாய்ப்பு அதிகம், ஆகவே டாக்டர் சொன்ன இடைவெளியில் உடம்பு முழுக்கச் செக்கப் போக வேண்டும், வீட்டிலும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகை நாமே பார்க்க முடியாதே, அதற்கும் ஆள் வேண்டும். போன மாதம் லாரிக்காரன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "இங்க கறுப்பா ஒண்ணு கீதுடா" என்று கத்தினான். எனக்கு உயிரே போய்விட்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தான், முறுக்கு எள்.