எந்தப் பிலிப்பு? ஒரே பெயரில் வரும் பழங்கால மனிதர்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தில் ஏறி உட்கார்ந்து, ஏசாயா எழுதியதை அவருக்கு விளக்கிச் சொல்லி, வழியில் தண்ணீர் கண்ட இடத்திலேயே ஞானஸ்நானமும் கொடுத்த பிலிப்பு யார்? கேட்டுப் பாருங்கள். இயேசுவின் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவர் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனால் அவர் வேறு பிலிப்பு.

கி.மு. 4ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை இந்த ஒரே கிரேக்கப் பெயரில் மாசிடோனிய அரசர்கள், சிரியாவை ஆண்ட செலூக்கிய அரசர்கள், ஏரோதின் மகன், ஒரு ரோமப் பேரரசர், ஆதித் திருச்சபையின் இரண்டு முக்கியமான மனிதர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கலாம். அப்படி எழுதும்போது ஒரு மனிதரின் வாழ்க்கையே காணாமல் போகிறது. சமாரியாவுக்கு முதலில் போன பிலிப்புவுக்கு அதுதான் நடந்தது. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

அப்போஸ்தலரும் சுவிசேஷகரும்

பன்னிரண்டு பேரில் ஒருவரான பிலிப்பு பெத்சாயிதா ஊர்க்காரர். அந்திரேயாவுக்கும் பேதுருவுக்கும் அதே ஊர்தான். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றிலும் அவர் பட்டியலில் ஒரு பெயர் மட்டுமே. யோவான் சுவிசேஷத்தில்தான் அவருக்கு முகம் கிடைக்கிறது. நாத்தான்வேலை "வந்து பார்" என்று அழைப்பவர் அவர். ஐயாயிரம் பேருக்கு உணவு கொடுக்கும் நேரத்தில், இருநூறு பணத்துக்கு அப்பம் வாங்கினாலும் போதாது என்று கணக்குப் போடுபவரும் அவர்தான். இயேசுவைக் காண விரும்பிய கிரேக்கர்கள் முதலில் அவரிடம் வருகிறார்கள். கடைசி இரவில், பிதாவை எங்களுக்குக் காண்பியும் என்று கேட்கிறார்.

இன்னொரு பிலிப்பு அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் அறிமுகமாகிறார். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. அந்த வேலையைப் பார்க்க ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று பன்னிருவரும் சொல்கிறார்கள். ஏழு பேரின் பட்டியலில் ஸ்தேவான் முதலில், பிலிப்பு அடுத்து. ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டு, துன்புறுத்தல் தொடங்கியபின் இந்தப் பிலிப்பு சமாரியாவுக்குப் போகிறார். மந்திரவாதி சீமோன் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றது இவருடைய பிரசங்கத்தால். அப்புறம் காசாவுக்குப் போகிற வனாந்தரப் பாதை, ரதம், மந்திரி. பிறகு ஆசோத்து, அங்கிருந்து செசரியா. பல ஆண்டுகள் கழித்து பவுல் எருசலேமுக்குப் போகும் வழியில் செசரியாவில் தங்குவது இவருடைய வீட்டில்தான். தீர்க்கதரிசனம் சொல்லும் நான்கு மகள்கள் அவருக்கு உண்டு என்கிறது 21ஆம் அதிகாரம். அங்கே லூக்கா அவரை "சுவிசேஷகன்" என்றும், ஏழு பேரில் ஒருவர் என்றும் தெளிவாகவே அடையாளம் சொல்லிவிடுகிறார்.

இருவரும் ஒருவரல்ல என்பதற்கு வெளியே போய் ஆதாரம் தேட வேண்டியதில்லை. 8ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, அப்போஸ்தலர்களைத் தவிர மற்ற எல்லாரும் சிதறிப் போனார்கள் என்று இருக்கிறது. சிதறிப் போனவர்களில் ஒருவர் பிலிப்பு. பிறகு 14ஆம் வசனத்தில், சமாரியா வசனத்தை ஏற்றுக்கொண்ட செய்தி எருசலேமிலிருந்த அப்போஸ்தலர்களுக்கு எட்டுகிறது. அவர்கள் பேதுருவையும் யோவானையும் அனுப்புகிறார்கள். சமாரியாவில் இருந்தவரே அப்போஸ்தலர் என்றால் இந்த வரிகளுக்குப் பொருளே இல்லாமல் போகும். பந்தி விசாரிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவர், அப்போஸ்தலர்களுக்கு முன்பாகவே சமாரியருக்கும், ஓர் ஆப்பிரிக்க அதிகாரிக்கும் நற்செய்தியைக் கொண்டுபோனார் என்பதுதான் லூக்கா சொல்ல வந்த விஷயம். பன்னிருவரில் ஒருவராக அவரை மாற்றிவிட்டால் அந்த ஆச்சரியம் முழுக்கப் போய்விடும்.

இன்றைய பிரசங்கியார்களை மட்டும் இதில் குறை சொல்வது நியாயமல்ல. குழப்பம் 2ஆம் நூற்றாண்டிலேயே தென்படுகிறது. கி.பி. 190 வாக்கில் எபேசு ஆயர் பொலிக்ராத்து ரோம் ஆயருக்கு எழுதிய கடிதத்தை, 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஒருவரான பிலிப்பு எராப்போலியில் அடக்கமாகியிருக்கிறார், முதுமை வரை கன்னியராகவே வாழ்ந்த அவருடைய இரண்டு மகள்களும் அங்கே இருக்கிறார்கள், இன்னொரு மகள் எபேசுவில் என்கிறது அந்தக் கடிதம். யூசேபியு எடுத்துக்காட்டும் வேறொரு பழைய நூலோ, தீர்க்கதரிசனம் சொன்ன நான்கு மகள்களின் கல்லறைகளும் தந்தையின் கல்லறையும் எராப்போலியில் உள்ளன என்கிறது. யூசேபியு உடனே நடபடிகள் 21ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைக்கிறார். அப்போஸ்தலருக்கும் மகள்கள் இருந்திருக்கலாம்; அதை மறுக்க ஆதாரமில்லை. ஆனால் அந்த மகள்களே தீர்க்கதரிசிகள், எண்ணிக்கையும் நான்கு என்று வரும்போது, இரண்டு வாழ்க்கைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்றே நான் கருதுகிறேன்.

எராப்போலி இன்று துருக்கியில் பமுக்கலேயின் வெள்ளைச் சுண்ணாம்புப் படிகளுக்கு மேலே இருக்கிறது. அங்கே 5ஆம் நூற்றாண்டில் கட்டிய எண்கோண நினைவாலயம் ஒன்று உண்டு. 2011இல் இத்தாலியத் தொல்லியலாளர் பிரான்செஸ்கோ தான்ட்ரியா, அதற்கு அருகே பிலிப்புவின் கல்லறை கிடைத்ததாக அறிவித்தார். அந்தச் செய்தியைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பழங்காலக் கிறிஸ்தவர்கள் அந்த இடத்தை அப்போஸ்தலரின் கல்லறையாகப் போற்றினார்களா என்பது ஒன்று. அங்கே புதைக்கப்பட்டவர் எந்தப் பிலிப்பு என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தொல்லியல் நன்றாகவே பதில் சொல்கிறது. அதை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

ஏரோதின் வீட்டுக்குள்

இங்கே முடிச்சு இன்னும் இறுக்கமானது. யூதேயாவை ஆண்ட மகா ஏரோதுக்குப் பல மனைவிகள். அவர்களில் எருசலேமைச் சேர்ந்த கிளியோபாத்திராவின் மகன் பிலிப்பு. இந்தக் கிளியோபாத்திராவை எகிப்து ராணியோடு சேர்த்துவிடாதீர்கள். தந்தை இறந்த கி.மு. 4 முதல் கி.பி. 34 வரை, கலிலேயாக் கடலுக்கு வடகிழக்கே உள்ள பகுதிகளை இந்தப் பிலிப்பு ஆண்டார். லூக்கா 3:1இல் இத்துரேயாவுக்கும் திராகொனித்திக்கும் காற்பங்கு தேசாதிபதியாக வருபவர் இவர்தான். யூத ஆட்சியாளர்களில் தன் முகத்தை நாணயத்தில் பொறித்த முதல் ஆள் என்ற பெயரும் இவருக்கு உண்டு.

இப்போது மாற்கு 6:17. மகா ஏரோதின் இன்னொரு மகனான ஏரோது அந்திப்பா தன் சகோதரன் பிலிப்புவின் மனைவி ஏரோதியாளைச் சேர்த்துக்கொண்டதை யோவான் ஸ்நானன் கண்டித்தார். மத்தேயுவும் இதையே சொல்கிறார். படிக்கிறவர்கள் லூக்கா 3:1ஐ நினைவில் வைத்துக்கொண்டு, அந்தத் தேசாதிபதியின் மனைவிதான் ஏரோதியாள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் வேறு மாதிரி எழுதுகிறார். அவர் கணக்கில் ஏரோதியாளின் முதல் கணவர், பிரதான ஆசாரியர் சீமோனின் மகள் மரியாம்னே பெற்ற மகன். ஜோசிபஸ் அவரை ஏரோது என்று மட்டுமே அழைக்கிறார். ஏரோதியாளின் மகள் சலோமேதான் தேசாதிபதி பிலிப்புவை மணந்தவள். இரண்டையும் அவசரப்பட்டு ஒட்டினால், ஒரே மனிதர் தாய்க்கும் கணவர், மகளுக்கும் கணவர் என்று ஆகிவிடும்.

இதைத் தீர்க்கப் பல கையேடுகள் முதல் கணவருக்கு "ஏரோது பிலிப்பு" என்று பெயர் கொடுக்கின்றன. அவருக்கு இரண்டு பெயர்களும் இருந்திருக்கலாம். ஏரோதின் வீட்டில் அது நடக்காத விஷயமல்ல. ஆனால் அந்த இரட்டைப் பெயர் சுவிசேஷத்தையும் ஜோசிபஸையும் இணைக்க ஆய்வாளர்கள் உண்டாக்கியது. அதை ஏதோ பழைய ஏட்டில் எழுதியிருப்பது போல மேற்கோள் காட்டக் கூடாது. மாற்கு சொல்வது இது, ஜோசிபஸ் சொல்வது இது என்று பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே நேர்மை.

எண்ணை நம்பி ஏமாற வேண்டாம்

"இரண்டாம் பிலிப்பு" என்றால் யார்? அலெக்சாந்தரின் தந்தை என்று உடனே சொல்வோம். செலூக்கிய வம்சத்தின் கடைசிக் காலத்தில், கி.மு. 60களில், அங்கேயும் ஓர் இரண்டாம் பிலிப்பு உண்டு. கி.பி. 244 முதல் 249 வரை ரோமை ஆண்ட அரேபியரான பிலிப்புவின் மகனும் இரண்டாம் பிலிப்புதான். முதலாம், இரண்டாம் என்ற எண்கள் எல்லாம் பிற்கால வரலாற்றாசிரியர்களின் வசதிக்கு வந்தவை. அந்தக் காலத்தில் அமிந்தாவின் மகன் பிலிப்பு, தெமெத்திரியுவின் மகன் பிலிப்பு என்று தந்தை பெயரால்தான் பிரித்துச் சொன்னார்கள். குறிப்பு எடுக்கும்போது தந்தை பெயர், நாடு, ஆண்டு மூன்றையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். எண் மட்டும் இருந்தால் ஒருநாள் நிச்சயம் தடுமாறுவீர்கள்.

அலெக்சாந்தரின் தந்தையான, அமிந்தாவின் மகன் பிலிப்பு கி.மு. 359 முதல் 336 வரை ஆண்டு, மகளின் திருமணத்தின்போது மாசிடோனியாவின் பழைய தலைநகரான ஐகையில் கொலையுண்டார். அவருடைய இன்னொரு மகன் அரிதேயு, அலெக்சாந்தர் கி.மு. 323இல் பாபிலோனில் இறந்ததும் அரசராக்கப்பட்டபோது பிலிப்பு என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். இவர்தான் மூன்றாம் பிலிப்பு. கி.மு. 317இல் அலெக்சாந்தரின் தாய் ஒலிம்பியா இவரைக் கொல்லவைத்தார். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போல, மகள்வழிப் பேரன் ஒருவரும் நான்காம் பிலிப்பு ஆனார். சில மாதங்களே ஆண்டார்.

தந்தைக்கும் மூன்றாம் பிலிப்புவுக்கும் இடையே வரும் குழப்பம்தான் அதிகம். எகிப்தில் கர்னாக் கோயிலின் நடுவே, அமோன் தெய்வத்தின் தோணியை வைக்கும் கருங்கல் மண்டபத்தில் பிலிப்பு என்ற பெயர் எகிப்திய எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. அலெக்சாந்தரின் அப்பாவுக்கு அங்கே என்ன வேலை? அலெக்சாந்தர் எகிப்தைப் பிடித்தது கி.மு. 332இல்; அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே அது அரிதேயு. நாணயங்களிலும் இதே கதை. ஒரு பக்கம் சிங்கத்தோல் அணிந்த ஹெராக்கிளஸ், மறுபக்கம் அமர்ந்த சீயஸ் என்று அலெக்சாந்தரின் வடிவத்தில் இருக்கும் வெள்ளிக்காசில் "அரசர் பிலிப்புவின்" என்று எழுதியிருந்தால், அதுவும் அரிதேயுவின் காலத்தது.

எல்லாமே இப்படிச் சுலபமாக அவிழ்வதில்லை. 1977இல் மனோலிஸ் அந்த்ரோனிக்கோஸ் கிரேக்கத்தின் வெர்கினாவில், அதாவது பழைய ஐகையில், கொள்ளை போகாத ஓர் அரச கல்லறையைத் திறந்தார். தங்கப் பேழைக்குள் எரியூட்டிய எலும்புகள் இருந்தன. அலெக்சாந்தரின் தந்தை என்றார் அவர். அரிதேயுவும் அவர் மனைவி யூரிதிகேயும்தான் என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அரிதேயுவுக்கும் ஐகையில்தான் பிற்பாடு அரச அடக்கம் நடந்தது. அதனால்தான் வழக்கு இத்தனை நீளுகிறது. இந்தக் கல்லறையைப் பற்றி எழுதும்போது "பிலிப்புவின் கல்லறை" என்று மொட்டையாக எழுதாமல், எந்தப் பிலிப்பு என்று யார் சொல்கிறார் என்பதையும் எழுதுங்கள்.

மேலே சொன்ன தெமெத்திரியுவின் மகனான ஐந்தாம் பிலிப்பு, மாசிடோனியாவைப் பின்னாளில் ஆண்ட அந்திகோனு வம்சத்தவர், கி.மு. 221 முதல் 179 வரை ஆண்டார். ரோமுக்கு எதிராகக் கார்த்தேஜ் படைத்தலைவர் அன்னிபாலுடன் ஒப்பந்தம் செய்ததும், கி.மு. 197இல் கினோஸ்கெபலேயில் ரோமரிடம் தோற்றதும் இவர்தான். அலெக்சாந்தரின் அப்பா ரோமோடு போரிட்டதாக எங்காவது படித்தால், அது இந்த ஐந்தாமவரின் கதை என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரே நூலில் மூன்று பேர்

கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் முதல் நூல் இதற்கு நல்ல பயிற்சி. முதல் வசனத்தில் அலெக்சாந்தரின் தந்தையாக வரும் பிலிப்பு அமிந்தாவின் மகன். 6ஆம் அதிகாரத்தில், சாகக் கிடக்கும் செலூக்கிய அரசர் நான்காம் அந்தியோக்கு தன் முடியையும் மோதிரத்தையும் நம்பி ஒப்படைக்கும் பிலிப்பு ஓர் அரசவை நண்பர், அரசரே அல்ல. 8ஆம் அதிகாரத்தில் ரோமரால் தோற்கடிக்கப்பட்டவராக, தன் மகன் பெர்சேயுவோடு சேர்த்துச் சொல்லப்படும் பிலிப்பு ஐந்தாமவர். முதலாமவருக்கும் கடைசியாக வருபவருக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இரண்டாம் நூலுக்குப் போனால், எருசலேமில் ஆளுநராக விடப்பட்ட பிரிகிய நாட்டுப் பிலிப்பு வேறு வருகிறார்.

ஊர்களும் காசுகளும்

பவுல் நிருபம் எழுதிய பிலிப்பி, அமிந்தாவின் மகனான மாசிடோனிய அரசர் கி.மு. 356இல் தன் பெயரிட்ட ஊர். அப்போஸ்தலருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இயேசுவே கிறிஸ்து என்று பேதுரு அறிக்கையிட்ட பிலிப்புச் செசரியா, ஏரோதின் மகன் எர்மோன் மலையடியில் கட்டியது. சுவிசேஷகர் பிலிப்பு குடியிருந்த செசரியாவோ மத்தியதரைக் கடற்கரையில் மகா ஏரோது கட்டிய துறைமுகம். "பிலிப்பு", "செசரியா" இரண்டும் சேர்ந்து வருவதால் இவ்விரு ஊர்களையும் ஒன்றாக்கிவிடுகிறவர்கள் நிறைய. பிலிப்போபோலி என்றும் இரண்டு ஊர்கள் உண்டு. பல்கேரியாவின் பிளோவ்திவ் மாசிடோனிய அரசருடையது, சிரியாவின் ஷாபா ரோமப் பேரரசருடையது.

நாணயம் சேகரிக்கிறவர்கள் செலூக்கிய முதலாம் பிலிப்புவிடம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவருடைய வெள்ளிக்காசு சிரியாவில் மிகவும் பழகிப்போயிருந்ததால், நாட்டைக் கைப்பற்றிய ரோமர்கள் கி.மு. 50களில் அதே முகத்தையும் அதே பெயரையும் வைத்து அந்தியோகியாவில் தொடர்ந்து அச்சடித்தார்கள். அப்போது அவர் உயிரோடு இல்லை. முதலில் அப்படிச் செய்த ரோம ஆளுநர் கபினியு, காசின் பின்பக்கத்தில் தன் பெயரெழுத்துகளைப் பின்னிய ஒரு குறியைச் சேர்த்திருக்கிறார். காலத்தைச் சொல்வது அந்தச் சின்னக் குறிதான். முகத்தையும் பெயரையும் மட்டும் பார்த்து ஆண்டைக் குறித்துவிடாமல், காசைத் திருப்பி அதைத் தேடுங்கள்.