கையேட்டு ஆங்கிலத்தில் நான் திருத்திய பிழைகள்

அம்பத்தூர் பம்ப் ஆலை ஒன்றின் ஆங்கிலக் கையேடுகளில் முதலில் சரிசெய்தது, பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ' (a), 'த' (the) இரண்டையும்தான். தமிழில் இவை போன்ற சொற்கள் கட்டாயமில்லை என்பதால் நம் கை தானாகவே விட்டுவிடும். எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் தனியாக நின்றால் சந்தேகப்பட வேண்டும். முதன்முறை 'எ வால்வ்', அடுத்த வரியிலிருந்து 'த வால்வ்'. 'எ' போடுவதா 'ஆன்' (an) போடுவதா என்பதை எழுத்து அல்ல, ஒலிதான் தீர்மானிக்கும்: 'எ யூஎஸ்பி', 'ஆன் எல்இடி'.

'ஈக்விப்மென்ட்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' ஆகியவை ஆங்கிலத்தில் எண்ணக்கூடாத பெயர்ச்சொற்கள் என்பதால் கடைசி 'ஸ்' தவறு. தேடி நீக்கினால் போதும்.

கடினமானது வேறு. 'ஆஃப்டர் ஸ்விட்சிங் ஆஃப் த மோட்டார், த கவர் கேன் பி ரிமூவ்ட்' என்று எழுதினால், இலக்கணப்படி மூடியே மோட்டாரை நிறுத்துகிறது! தமிழில் 'மோட்டாரை நிறுத்திய பின் மூடி கழன்று வரும்' என்பது இயல்பு. எழுவாய் மாறினாலும் உறுத்தாது. ஆங்கிலத்தில் அந்த முதல் பகுதி, அடுத்து வரும் எழுவாயைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஏவலாக்கி, இரண்டு படிகளாக உடைத்தேன்: 'ஸ்விட்ச் ஆஃப் த மோட்டார். ரிமூவ் த கவர்.' யார் செய்வது, எதை முதலில் செய்வது என்பதில் குழப்பமே இல்லை. மின்சாரம், அழுத்தம் பற்றிய எச்சரிக்கை வரிகளில்தான் இப்படி உடைக்கும் வேலையைத் தொடங்கினேன்.